ஆறரைக் கட்டையில் ஜாஸ்

தம்பி: அக்கா, அம்மா ஸ்டேட்டஸில் டிரம்பெட் சத்தம் கேட்கிறதே! எங்கே கூட்டிப் போனாய்?

நான்: நியூ ஆர்லியன்ஸில் ட்ரெமே என்ற பகுதியில் ஒரு சமுதாயக் கூடத்துக்கு. சனிக்கிழமை ஜாஸ் பட்டறை. வேடிக்கை பார்க்கிறவர் என்று அங்கே யாரும் கிடையாது. வாத்தியம் இருந்தால் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் கைதட்டிப் பாட வேண்டும்.

அப்பா: கட்டணம் எவ்வளவு?

நான்: இலவசம் அப்பா. வாசலில் ஒரு டப்பா, விருப்பப்பட்டதைப் போடலாம்.

அப்பா: 👍

சித்தி: இரு இரு. அக்கா பாடினாளா? கல்யாணத்துக்கு அப்புறம் கொலுவுக்குக்கூட வாய் திறக்க மாட்டாளே!

அம்மா: எல்லாம் இவள் செய்த வேலை. ஏசியில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

நான்: சொல்லிக்கொடுத்தவர் டிரம்மர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். டிரம்மைத் தொடவே இல்லை. நாற்காலி விளிம்பில் குச்சியால் தட்டிக்கொண்டு, “நாலு எண்ணிக்கையில் ஒன்று, மூன்றில் கை சும்மா இருக்கட்டும். இரண்டு, நான்கில் தட்டுங்கள்” என்றார்.

அம்மா: அண்ணா, அதுதான் எனக்கு வரவே இல்லை. இரண்டு என்றதும் கை சுண்டுவிரலை எண்ணப் போகிறது.

மாமா: போகத்தானே செய்யும்? எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் தட்டு விழுவது 1, 5, 7. அவர்கள் கேட்கும் 2, 4, 6, 8 எல்லாம் நாம் விரல் எண்ணுகிற இடம், கை வீசுகிற இடம். சரியாக அங்கேயே தட்டச் சொன்னால் ஐம்பது வருஷப் பழக்கம் எதிர்த்து நிற்கும்.

அம்மா: பக்கத்தில் ஒரு ஏழு வயதுப் பொடியன் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டவைத்தான். அப்புறம்தான் வந்தது.

தம்பி: 😂😂 என்ன பாட்டு?

நான்: தனிப் பாட்டு இல்லை, பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு சுற்று. பார் என்பது நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு துண்டு. முதல் நாலு பார் வீட்டுக் கார்டு, அதாவது ஆதார சுரத்தின் மேல் கட்டிய சுரக்கூட்டு; ஐந்தாவது பாரில் நாலாம் கார்டுக்கு நகரும், ஏழில் திரும்பி வரும், ஒன்பதில் ஐந்தாம் கார்டு.

மாமா: ஆக 48. ஆதியில் 6 ஆவர்த்தனம், ஆறு சுற்று. கையில் யார் எண்ணுகிறார்கள்?

நான்: யாருமே இல்லை மாமா. டிரம் தனியாக வாசிக்கும்போதும் மற்றவர்கள் மனசுக்குள் மெட்டைப் பாடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த மெட்டுதான் இடத்தைக் காட்டும்.

மாமா: ம்ம். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பாடகர் தாளம் போடாவிட்டால் நான் முறைப்பேன். இவர்கள் கெட்டிக்காரர்கள்.

நான்: அப்புறம் நாலுக்கு நாலு பார். டிரம் நாலு பார், பதிலுக்கு ஒருவர் நாலு பார், வரிசையாக. அம்மாவிடம் வந்ததும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். பெரியவர் விடவில்லை. “ஒரே ஒரு சுரம் போதும். எதைப் பாடுகிறீர்கள் என்பதை விடுங்கள், எப்போது பாடுகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள்” என்றார்.

சித்தி: பாடினாளா இல்லையா, அதைச் சொல்லு முதலில்!

நான்: முதல் பார் முழுக்க மௌனம். தப்பித்து ஓடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது பாரில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் குட்டியாக ஒரு ‘ச’. விட்டு, இன்னும் இரண்டு. கடைசி பாரில் ஒன்றை நீட்டிப் பிடித்தாள். டிரம்பெட் பையன் அதே இடைவெளிகளோடு, அதே மௌனத்தோடு, அப்படியே திருப்பி வாசித்தான். கூடம் முழுக்க ஒரே சத்தம்.

அம்மா: எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. கீர்த்தனை பாடும்போது எங்கே தப்பு வருமோ என்ற பயத்திலேயே பாதி உயிர் போகும். இங்கே நான் விட்டுவைத்த இடத்தைக்கூட ஒருத்தன் கேட்டிருக்கிறான்.

மாமா: நாங்களும் கேட்கிறோம் அம்மா, நீதான் பாடுவதில்லை. நிற்க, நாலுக்கு நாலு என்பது 16 எண்ணிக்கை, இரண்டு ஆவர்த்தனம். நாங்கள் கடத்தோடு மாற்றி மாற்றிக் குறைப்பு வாசித்தால் இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என்று சுருக்கிக்கொண்டே போய்க் கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டில் முடிப்போம். அவர்கள் சுருக்க மாட்டார்களா?

நான்: சில சமயம் இரண்டு பார், ஒரு பார் என்று இறங்குவார்களாம். இன்று இல்லை. இன்னொன்று மாமா, இங்கே தெரு ஊர்வலத்தில் பெரிய டிரம் ஒருவர், சின்ன டிரம் ஒருவர். இரண்டையும் உட்கார்ந்து ஒரே ஆள் வாசிக்கக் கால் மிதி வந்தது. 1909-ல் லுட்விக் என்ற டிரம் கம்பெனி செய்த மிதி பரவலாக விற்றது என்றார் பெரியவர்.

மாமா: ஒரு ஆள் கூலி மிச்சம்! சபாக்காரர்கள் காதில் போட்டுவிடாதே.

தம்பி: இந்த 2-4 தட்டு, துள்ளலான ஸ்விங் நடை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று சொன்னாரா?

நான்: முடிந்ததும் நடந்தே காங்கோ சதுக்கத்துக்குக் கூட்டிப் போனார். அடிமைகள் கூடுவதற்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஓரிடத்தில் மட்டும் என்று 1817-ல் நகரச் சட்டம் போட்டார்கள். அந்த ஓரிடம் இதுதான். அங்கே அவர்கள் டிரம் அடித்து ஆடினார்கள். இப்போது அது ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரில் உள்ள பூங்காவுக்குள் இருக்கிறது. விளக்கமெல்லாம் அதிகம் இல்லை, கல் தரையில் நின்று எல்லோரையும் ஒரு முறை தட்டவைத்தார்.

தம்பி: மாமா, நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் இவர்கள் ஊர் ஆட்களோடு வாசித்தவர்தானே?

மாமா: அவர் வாசித்தது கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு, அவர் இங்கிலாந்துக்காரர்டா. ஷக்தி குழு, 1975 வாக்கில். கடத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் வாயைப் பிளந்தான். 2024-ல் அதே குழுவுக்குக் கிராமி வந்தபோது கஞ்சிரா வாசித்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ்.

அம்மா: அண்ணா, அடுத்த சனியும் போகிறோம். யாராவது வந்தால் ஒரு கஞ்சிரா கொடுத்தனுப்பேன்.

மாமா: உடும்புத் தோல் கஞ்சிராவை விமானத்தில் ஏற்றினால் வனத்துறை என்னைத்தான் தேடி வரும். மோர்சிங் அனுப்புகிறேன். அவர்கள் சுருதி என்ன?

நான்: டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் பி ஃப்ளாட் வாத்தியங்கள். இன்று வாசித்ததும் பி ஃப்ளாட்தான்.

மாமா: நம் சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை. என்னிடம் இருக்கும் மோர்சிங் ஏழு கட்டை. அதன் உலோக நாக்கு நுனியில் மெழுகு ஒட்டிச் சுருதியை இறக்கித் தருகிறேன். மெழுகைச் சுரண்டிவிடாதீர்கள்.

அப்பா: கூரியரா, ஆள் மூலமா? கூரியர் என்றால் எவ்வளவு?