சேர்க்கலாமா என்று பார்க்கவே இவ்வளவு செலவா?

ஊருணிக்கரை:
எங்களுடையது சின்ன ஊராட்சி. மூன்று போர்வெல், இரண்டு மேல்நிலைத் தொட்டி. ஒரு போர் சித்திரை பிறந்தால் வெறும் காற்றைத்தான் தள்ளும். இன்னொன்றில் வரும் தண்ணீரில் பருப்பு வேகாது. பக்கத்து நான்கு ஊராட்சியிலும் இதே கதைதான். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் ஒரு யோசனை வந்தது. ஐந்து ஊரையும் சேர்த்து, ஆற்றுப் படுகையில் கிணறு போட்டு, ஒரே திட்டமாக்கினால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் அது சரிப்படுமா என்று பார்க்கவே சர்வே, தண்ணீர்ப் பரிசோதனை, திட்ட அறிக்கை என்று பணம் வேண்டும். பிறகு தலைவர்கள் ஒன்றிய அலுவலகத்தில் கூடியபோது, அந்தச் செலவு யாருடையது என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. குழாய் போடும் பணம் பிறகு வரட்டும், திட்டமிடும் செலவை மட்டும் அரசு தனியாக ஏற்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கருத்து என்ன?

கடைமடைக்காரன்:
வேண்டவே வேண்டாம். அறிக்கைக்குப் பணம் கொடுத்தால் அறிக்கைதான் வரும், தண்ணீர் வராது. சேர்க்கலாமா என்று ஆய்வு செய்ய வந்தவர் "சேர்க்காதீர்கள்" என்று எழுதிக் கொடுத்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நாங்கள் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைசி ஊர். குழாய் வந்த வருடமே போர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஊருணியைத் தூர்வாருவதும் அதோடு நின்றது, அதுதான் குழாய் வந்துவிட்டதே! இன்றைக்கு நாலு நாளைக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் தண்ணீர் வருகிறது. மேல் ஊர்களில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். என் அம்மா தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கிக்கொண்டு, அடைத்த போருக்குப் பக்கத்துச் சந்து வழியாகத்தான் தண்ணீர் எடுக்கப் போகிறார்.

பழைய ஏ.இ.:
ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளராக இருந்தவன் நான். தம்பியின் கோபம் நியாயம்தான். ஆனால் எல்லா ஊருக்கும் போர் பதில் ஆகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வேறு வழியே இல்லாதபோதுகூட அந்தத் தண்ணீர் ஆகாது என்கிறது நம் தர அளவு. பல்லில் கறை விழும், நாள்பட்டால் எலும்பைத் தாக்கும். அங்கே ஊருக்கு ஊர் இன்னும் ஆழமாகத் தோண்டி என்ன பயன்? அதனால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் ஜப்பான் கடன் ஒப்பந்தம், 2013இல் தொடக்கம், செலவு 1,900 கோடிக்கு மேல்.

அந்த அளவுத் திட்டத்தில் ஆய்வுச் செலவு இருக்கும் இடமே தெரியாது, மொத்தத்தில் கரைந்துவிடும். மாட்டிக்கொள்வது இவர் சொல்லும் ஐந்து ஊர் இணைப்புதான். பெரிய திட்டமாக நினைத்து யாரும் அதைக் கையில் எடுக்க மாட்டார்கள், சின்ன வேலையாக நினைத்து ஊராட்சியும் செய்ய முடியாது. தனிப் பணம் அங்கேதான் தேவை.

கணக்குப்பிள்ளை:
15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. அதிலிருந்து ஐந்து ஊராட்சியும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதாதா? எதற்கெடுத்தாலும் கோட்டையைப் பார்த்துக் கையேந்த வேண்டுமா?

ஊருணிக்கரை:
ஐயா, ஒரு முறை எங்கள் ஊராட்சி நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மின் கட்டணம், மோட்டார் காயில் கட்டியது, பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்பு. அதற்கே வருகிற பணம் பற்றாது. நடக்குமோ நடக்காதோ என்ற ஆய்வுக்குப் பணம் கொடுத்தால், அடுத்த கிராம சபையில் தலைவரை உட்காரவிட மாட்டார்கள்.

ஃபிரெஸ்னோ ராஜி:
இங்கே கலிபோர்னியாவிலும் இதே தலைவலி உண்டு. 2014 வறட்சியில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஊரில் வீட்டுக் கிணறுகள் வற்றிவிட்டன. வாசலில் தொட்டி வைத்து லாரியில் நிரப்பினார்கள். ஒட்டியே இருக்கும் போர்ட்டர்வில் நகரத்தில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2015இல் ஒரு சட்டம் வந்து, இணைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை மாநில நீர் வாரியத்துக்குக் கொடுத்தது. 2019இல் இன்னொரு சட்டம், ஆண்டுக்கு 13 கோடி டாலர். குழாய்க்கு மட்டுமில்லை, திட்டமிடுவதற்கும் தொழில்நுட்ப உதவிக்கும் அதில் இடமுண்டு. சின்ன ஊரால் பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டது. அதைத்தானே ஊருணிக்கரை அண்ணனும் கேட்கிறார்?

கடைமடைக்காரன்:
பணம் கொடுத்ததும் எல்லாம் சேர்ந்துவிட்டதாக்கும்?

ஃபிரெஸ்னோ ராஜி:
இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டூல்வில் என்று ஏறக்குறைய 80 வீடுள்ள ஊர். எக்சிட்டர் நகரம் ஒரு மைல் தூரம்கூட இல்லை. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இருபது வருடமாகக் கேட்டார்கள். 2019இல் நகர மன்றம் முடியாது என்றது. கட்டாயமாக்குவோம் என்று மாநிலம் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது.

கடைமடைக்காரன்:
அப்படியென்றால் அங்கே குறையாக இருந்தது பணமில்லை அக்கா, மனசு.

வால்வு வீட்டுப் பையன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் அப்பா 22 வருடம் தொட்டி ஆபரேட்டர். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, மேட்டுத் தெருவுக்கு எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அலுவலகத்தில் வரைபடம் கிடையாது. ஒரு முறை சர்வேக்கு வந்தவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு கோயில் தெருவில் மூன்று மணி நேரம் தோண்டினார்கள். பைப் அகப்படவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து, வேப்பமரத்திலிருந்து ஏழு தப்படி நடந்து, குதிகாலால் தட்டி, "இங்க தோண்டுங்க" என்றார். இரண்டடியில் பைப். அவருக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு டீ.

திட்டமிடப் பணம் ஒதுக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வேலையாக இந்த மாதிரி ஆட்களைக் கூட்டிப்போய்த் தெருத்தெருவாக வரைபடம் போடச் சொல்லுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். அப்பாவுக்கு வயது 63.

பழைய ஏ.இ.:
சரியாகச் சொன்னாய் தம்பி. நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அறிக்கை எழுதுபவருக்குத் திட்ட மதிப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசினால், அறிக்கையில் பெரிய திட்டமாகத்தான் வரும். "இரண்டு போரைச் சரிசெய்து, ஒரு சுத்திகரிப்புக் கருவி வைத்தால் போதும்" என்று எழுதினால் அவர் கைக்கு என்ன வரும்?

கடைமடைக்காரன்:
இதைத்தான் ஐயா முதலிலிருந்து சொல்கிறேன். சரி, இறங்கி வருகிறேன். கட்டணம் ஒரே தொகையாக இருக்கட்டும். "சேர்க்க வேண்டாம்" என்று எழுதினாலும் முழுப் பணத்தையும் கொடுங்கள். பழைய போரையும் ஊருணியையும் என்ன செய்யப்போகிறோம் என்று தனி அத்தியாயம் வேண்டும். கடைசி ஊரில் கோடையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது எங்கள் திட்டத் தாளிலும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
பராமரிப்பை யார் பார்ப்பது என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். ஐந்து ஊருக்கும் பொது மோட்டார் என்றால் மின் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது? ஒரு ஊராட்சி கட்டாமல் விட்டால் மற்ற நாலு ஊருக்கும் தண்ணீரை நிறுத்துவீர்களா? அதுவும் அறிக்கையில் வரட்டும், பிறகு என் எதிர்ப்பை வாபஸ் வாங்குவது பற்றி யோசிக்கிறேன்.

கடைமடைக்காரன்:
ஊருணிக்கரை அண்ணே, ஒன்று கேட்க விட்டுப்போச்சு. குழாய் வந்தால் உங்கள் ஊர் எத்தனையாவது?

ஊருணிக்கரை:
ஆற்றுக்குப் பக்கம் நாங்கள்தான். முதல் ஊர்.

கடைமடைக்காரன்:
அதானே பார்த்தேன். கடைசி ஊர்த் தலைவர் ஒன்றிய அலுவலகத்தில் என்ன சொன்னார்?

ஊருணிக்கரை:
அவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஊருக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று போன் வந்தது.