மழையில் ஹசார்டு லைட் போடச் சொல்லும் சட்டம் எது?

டீசல்ராஜா:
மழையில் ஹசார்டு லைட் (நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் எச்சரிக்கை விளக்கு) போடாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருக்கிறார். எந்தச் சட்டம் ஐயா? பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடு, 116ஆம் விதியைப் பாருங்கள். நின்றுபோய் வழியை மறிக்கும் வண்டிக்குத்தான் ஹசார்டு. ஓடும்போது கூடவே கூடாது. மோட்டார்வே மாதிரி வேகச் சாலையில், முன்னால் ஆபத்து என்று பின்னால் வருபவரை எச்சரிக்க மட்டும் விலக்கு. மழை என்ற பேச்சே அங்கே இல்லை.

மழைப்பயணி:
அந்த மேதாவி நான்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2021 ஜூலை முதல் ஓடும் வண்டியிலும் போடலாம். அதைப் படிக்கவில்லையா சார்?

டீசல்ராஜா:
படித்தேன். வேக வரம்பு மணிக்கு 55 மைலோ அதற்கு மேலோ உள்ள சாலையில், கண்ணுக்கு எதுவும் தெரியாத அளவு மோசமானால் போடலாம். போடலாம்! போடாதவன் குற்றவாளி என்று எங்கே இருக்கிறது?

மழைப்பயணி:
ஆக, ஓடும்போது போடலாம். ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பின்சீட்டு:
ஜெர்மனியில் பழுதான வண்டியை இழுத்துப் போகும்போது இரண்டு வண்டியிலும் போட்டாக வேண்டும். அதுவும் ஓடுவதுதானே?

டீசல்ராஜா:
மழையைப் பேசும் இடத்தில் கயிறு கட்டி இழுப்பதை யார் கேட்டார்கள்? பிரிட்டனில் இழுபடும் வண்டியும் போடக்கூடாது, போதுமா?

நாலாம்கியர்:
சட்டம் கிடக்கட்டும். பல வண்டிகளில் ஹசார்டு எரிந்தால் இண்டிகேட்டர் தெரியாது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று பின்னால் வருபவன் ஜோசியமா பார்ப்பான்?

மழைப்பயணி:
என் வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் ஹசார்டு தானாக ஒதுங்கிக்கொள்ளும். பழைய டப்பாக்களுக்கு நான் பொறுப்பில்லை.

நாலாம்கியர்:
டப்பாவா? டயர் விவாதத்திலும் என் வண்டியைத்தான் வம்புக்கு இழுத்தீர்கள். மறக்கவில்லை.

டீசல்ராஜா:
உங்கள் பங்காளிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பார்வை 100 மீட்டருக்குக் கீழே போனால் பிரிட்டனில் போட்டே ஆக வேண்டியது ஹெட்லைட்டை. பனிமூட்ட விளக்கும் போடலாம். ஹசார்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. நாலு மூலையும் மின்னினால் நிற்கிறீர்களா, போகிறீர்களா என்றே தெரியாது. திரும்பவும் கேட்கிறேன்: குற்றம் என்று சொல்லும் சட்டம் எது?

மழைப்பயணி:
ஃபுளோரிடா.

டீசல்ராஜா:
அது "போடலாம்"!

பின்சீட்டு:
ஜெர்மனியில் "போட்டாக வேண்டும்" என்றேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நாலாம்கியர்:
டப்பா என்றவர் முதலில் பதில் சொல்லட்டும்.