2006ஆம் ஆண்டு பைக்கை நானே பழுது பார்க்கலாமா?

கேள்வி: தந்தை பயன்படுத்திய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக், நெடுநாள் ஓடாமல் நின்றபின், சோக்கைப் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் அமைப்பு) போட்டால் மட்டுமே ஸ்டார்ட் ஆகி, அதை எடுத்தவுடன் அணைந்துவிடுகிறது, நீலப்புகையும் வருகிறது. எஞ்சினைப் பிரித்துப் போர் செய்ய (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலோ புதியது வாங்கச் சொல்கிறார்கள். நானே பார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?

மறுமொழி 1: போரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தேங்கிய பெட்ரோல் ஆவியாகும்போது பிசினாகப் படிந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குரிய (ஆக்ஸிலரேட்டரை முறுக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவதற்குரிய) பெட்ரோலைத் தரும் பைலட் ஜெட்டின் நுண்துளையை அடைத்துவிடுவதால்தான் பெரும்பாலும் இப்படி நேர்கிறது. டாங்கைக் காலிசெய்து, ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனராலும் காற்றாலும் சுத்தம் செய்யுங்கள். பித்தளை ஜெட்டில் எஃகுக் கம்பியை நுழைத்தால் துளை பெரிதாகி, பிறகு கார்புரேட்டர் திருகாணியை எவ்வளவு திருகினாலும் பெட்ரோல்-காற்றுக் கலவை சரிவராது.

மறுமொழி 2: புகை முதல் சில நொடிகளோடு நின்றுவிட்டால் வால்வு வழியே எஞ்சின் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கெட்டிருக்கலாம், ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது மெக்கானிக் சொன்னதில் நியாயம் உண்டு. சீல் மலிவானதுதான், ஆனால் அதற்கு ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்ற வேண்டும். போல்ட்டைக் குறித்த அளவு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அவ்வேலையில் இறங்காதீர்கள்.

மறுமொழி 3: செலவழிக்குமுன் ஆர்சியை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) பாருங்கள் ஐயா. 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார் என்பதால், பிரேக் ஷூ, ஹெட்லைட், இண்டிகேட்டர் ஆகியவற்றையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.