வேனில் எடுத்துப்போக எந்த சிலிண்டர்: கம்போசிட்டா, இரும்பா?

வேன்வீடு_கோவை
பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கையும் சின்ன சமையல் மேடையும் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். டிசம்பர் கடைசியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் 12 நாள் கிளம்புகிறோம். கோவை, ஊட்டி, மைசூர், குடகு, கோகர்ணா. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை ஏற்றிப் பார்த்தேன். நிரம்பியது ஏறக்குறைய 30 கிலோ. சமைக்கும்போது வெளியே இறக்கி வைக்கத்தான் நினைக்கிறேன், ஆனால் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. எடை குறைந்ததாக எதை வாங்கலாம்?

மலைக்காற்று
கண்ணை மூடிக்கொண்டு கம்போசிட் வாங்குங்கள். இந்தியன் ஆயில் 2021-ல் இண்டேன் பெயரில் கொண்டுவந்தது. 5 கிலோ, 10 கிலோ என்று இரண்டு அளவு. உள்ளே பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, வெளியே இன்னொரு பிளாஸ்டிக் கூடு. அதே அளவு இரும்பு சிலிண்டரில் பாதி எடைதான் இருக்கும். துரு ஏறாது. வெளிச்சத்தில் பிடித்தால் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்கே தெரியும். வழியில் தீர்ந்துபோகுமோ என்ற பயம் இல்லை.

சமையல்வண்டி
தம்பி, நான் 22 வருடமாக ஐயப்பன் சீசனில் டூர் பஸ்ஸோடு சமையலுக்குப் போகிறவன். மூன்று டன் வண்டியில் மூன்று நான்கு கிலோ குறைந்து என்ன ஆகப்போகிறது? போகிற ஊரில் நிரம்பியது கிடைக்குமா என்பதை முதலில் பாருங்கள். கம்போசிட் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. 5 கிலோ இரும்பு, அதுதான் ‘சோட்டு’ என்று விற்பது, அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று வேண்டாம். சில பெட்ரோல் பங்குகளில்கூட மாற்றிக்கொள்ளலாம். 10 கிலோ கம்போசிட் வீட்டு இணைப்புக்குக் கொடுப்பது, ஊர் ஊராகக் கொண்டுபோவதற்கு இல்லை.

மலைக்காற்று
அண்ணா, வண்டிக்கு எடை ஒரு பொருட்டில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேனில் இருந்து தினமும் இறக்கி ஏற்றுவது மனிதர் கை. காலையில் இறக்கி, ஏற்றி, மாலையில் மறுபடி இறக்கி, ஏற்றி, 12 நாள். அவர் இடுப்பைப் பற்றித்தானே கேட்டார்? கனமாக இருந்தால் மூன்றாம் நாளே சிலிண்டர் உள்ளேயே இருக்கட்டும் என்று தோன்றிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கீழே கிடப்பது போகாது.

நிரப்புவதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர் வீட்டில் 14.2 கிலோ 45 நாள் வந்தால் நாளுக்கு 315 கிராம். 12 நாளைக்கு 3.8 கிலோ. 5 கிலோவே போதும், வழியில் நிரப்ப வேண்டியதே இல்லை.

சமையல்வண்டி
கணக்கில் வெந்நீர் எங்கே? டிசம்பரில் ஊட்டியிலும் குடகிலும் பிள்ளைகளைப் பச்சைத் தண்ணீரிலா குளிப்பாட்டுவீர்கள்? 15 லிட்டர் வாளி ஒன்றைச் சுட வைக்க 60 கிராம் கேஸ் போகும். நாலு வாளிக்கு 240. 12 நாளில் கிட்டத்தட்ட 3 கிலோ. சமையலோடு சேர்த்தால் 6.7 கிலோ. கோகர்ணா போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. உள்ளே திரவமாக இருப்பது வாயுவாக மாற வெளியிலிருந்து சூடு எடுத்துக்கொள்ளும். இரும்பு அந்தச் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடும், பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் விடாது. குளிரில் பெரிய பர்னரைப் போட்டால் கம்போசிட்டில் தீ சீக்கிரமே சோர்ந்துபோகும்.

மலைக்காற்று
வெந்நீரை மறந்தது என் தவறு. குளிர் விஷயமும் சரி. ஆனால் இவர்கள் எரிப்பது ஒற்றைச் சின்ன பர்னர், கல்யாணச் சமையல் அடுப்பு இல்லை. அதற்கு அந்த வேகம் தாராளம்.

தனிப்பயணி
இரண்டு பேரும் சிலிண்டரிலேயே நிற்கிறீர்கள். பெட்டி அடுப்பும் 220 கிராம் பியூட்டேன் டப்பாவும் எடுத்துக்கொண்டால் தூக்கவே தேவையில்லையே. பைக்கில் நான் அதைத்தான் கொண்டுபோகிறேன்.

மலைக்காற்று
பைக்கில் ஒருவருக்குச் சரி, குடும்பத்துக்கு வேண்டாம். பியூட்டேன் கொதிக்கும் வெப்பம் மைனஸ் 0.5 டிகிரி. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையில் அந்த டப்பாவில் அழுத்தமே இருக்காது. அதைவிட முக்கியம் தோசைக்கல். அந்த அடுப்பில் டப்பா பர்னருக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். அகலக் கல்லைப் போட்டால் கல்லின் சூடு டப்பா மேல் இறங்கி, டப்பா வெடிக்கக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பதே தோசைதான்.

தனிப்பயணி
கல் விஷயம் எனக்குத் தெரியாது. நான் டீயும் நூடுல்ஸும் தவிர வைத்ததில்லை. இனி அகலப் பாத்திரம் போட மாட்டேன்.

ஏரிக்கரை_அக்கா
நடுவில் வருகிறேன், இதைச் சொல்லாமல் விட முடியாது. தலையிலேயே பர்னர் மாட்டிய 2 கிலோ, 3 கிலோ குட்டி சிலிண்டர் பாத்திரக் கடைகளில் தொங்கும். தூக்க லேசு, விலை குறைவு. நாங்களும் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் வீட்டு சிலிண்டரில் இருந்து குழாய் போட்டு அதில் நிரப்பிக் கொடுத்தார். ஏலகிரியில் பற்றவைத்தபோது சிலிண்டரின் கழுத்தில் நீலமாகத் தீ ஓடியது. என் வீட்டுக்காரர் ஈரச் சாக்கைப் போட்டு வால்வை மூடினார். அவர் முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படி நிரப்பும்போது எடை பார்ப்பதில்லை. திரவம் விரிய மேலே இடம் விடாமல் அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ரயிலிலும் யாரும் கொண்டுபோக வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துப் பற்றவைத்ததில் 9 பேர் இறந்தார்கள்.

சமையல்வண்டி
அக்கா சொன்னதில் எனக்கும் தம்பிக்கும் சண்டை இல்லை. இரும்பு வாங்கினாலும் மேல் வளையத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பி-27 என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதற்குள் சோதனைக்குப் போக வேண்டியது. தேதி கடந்ததைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். கேஸ் மட்டம் பார்க்க ஈரத்துணியால் துடைத்தால் போதும். திரவம் உள்ள பகுதி கடைசியில்தான் காயும்.

வேன்வீடு_கோவை
எல்லோருக்கும் நன்றி. 5 கிலோ கம்போசிட் ஒன்று, 5 கிலோ இரும்பு ஒன்று என்று இரண்டு எடுக்கலாமா? தினம் இறக்குவது கம்போசிட். இரும்பு, பின்பக்கம் வெளியே கம்பிக் கூண்டில் நிமிர்த்திக் கட்டியபடி இருக்கும். வெந்நீர் மட்டும் அதில்.

மலைக்காற்று
நல்ல யோசனை. ரெகுலேட்டர் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று வாங்கும் இடத்திலேயே மாட்டிப் பாருங்கள். ஓடும்போது இரண்டிலும் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டிருக்க வேண்டும்.

சமையல்வண்டி
நான் இன்னும் இரண்டுமே இரும்பு என்றுதான் சொல்வேன். ஒன்று தீர்ந்தால் எந்த ஊரிலும் மாற்றலாம். கூண்டின் அடிப்பலகையில் ஓட்டை போட மறக்காதீர்கள், கசிந்தால் கீழே போக வழி வேண்டும். முதுமலைக்குள் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டக் கூடாது. கூடலூர் தாண்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள்.

வேன்வீடு_கோவை
சரி அண்ணா. நாளை வெல்டரிடம் கூண்டுக்கு அளவு கொடுக்கிறேன். ஓட்டையோடு.