ரெஜெக்ஸ் (உள்ளீட்டைச் சோதிக்கும் எழுத்து வடிவ விதி): "பல" ஏற்கப்படுகிறது, "சில" மறுக்கப்படுகிறது

கேள்வி: சிஎம்எஸ்ஸில் (இணையதள உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்) தலைப்புப் புலம் தமிழை மட்டும் ஏற்க ^[அ-ஹ ]+$ கொடுத்திருக்கிறேன். "பல" சேமிக்கிறது, "சில", "மரம்" என்றால் பிழை. ஏன்?

பதில் 1: யுனிகோடில் (எழுத்துகளுக்கு எண் தரும் தரநிலை) "சி" ஓர் எழுத்து இல்லை, ச, அதன் பின் மேல்விலங்கு (ி) என இரண்டு குறியீடுகள். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் ஹ-வுக்கு அப்பால் இருக்கின்றன, உங்கள் வரம்பு ஹ-விலேயே முடிந்துவிடுகிறது. ஆய்த எழுத்தோ அ-வுக்கும் முன்னால். ^[ஃ-ௐ ]+$ போட்டுப் பாருங்கள். வரம்பைப் புள்ளியில் முடித்தாலும் ஓடும், ஆனால் புள்ளி நடுவிலுள்ள - கோட்டோடு ஒட்டிக்கொண்டு படிக்கவே முடியாது.

கேட்டவர்: "சில", "மரம்" சரி. இப்போது "மீன்", "பூ" மட்டும் சிக்கல். பிரவுசர் விடுகிறது, சேமிக்கும்போது சர்வர் மறுக்கிறது.

பதில் 2: சர்வரில் பிஎச்பி நிரல்மொழிதானே? பேட்டர்ன் முடிவில் யூ மாடிஃபையர் (யுனிகோடாகப் படிக்கச் சொல்லும் u குறி) இல்லை. அது இல்லாவிட்டால் எழுத்தாக அல்ல, பைட்டாகத்தான் ஒப்பிடும். யூடிஎஃப்-8இல் (யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) ீ, ு, ூ மூன்றின் கடைசி பைட் ஹெக்ஸில் 80, 81, 82. உங்கள் வரம்பு ஃ-இன் கடைசி பைட்டான 83இல் தொடங்குகிறது. மற்றவை தற்செயலாகத் தப்பின. இதே ஓட்டையில் வேறு மொழி எழுத்துகளும் நுழையும், அதையும் சோதியுங்கள்.

பதில் 1: காப்பி-பேஸ்ட்டில் ஔகாரம் இரண்டாக உடைந்து வந்தால் அதன் பின்பாதி ௐ-க்கு அப்பால் விழும். சரிபார்க்கும் முன் என்எஃப்சி நார்மலைஸ் (உடைந்த குறிகளை ஒன்றாக்குதல்) செய்துவிடுங்கள்.