புகை மட்டும்தான் குற்றவாளியா, சம்பள இடைவெளியுமா?

தும்பை:
காற்று மாசு என்று பேச ஆரம்பித்தால் புகைபோக்கி, டீசல், வடிகட்டி என்றே போய்விடுகிறோம். சம்பள இடைவெளியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காற்றில் நுண்துகள் (மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் மிகச் சிறிய தூசு) ஒரே அளவு இருந்தாலும், ஏற்றத்தாழ்வு அதிகமான சமூகத்தில் அது கூடுதலாக உயிரைக் குடிக்கிறது என்பது என் கட்சி.

கணக்குப்புலி:
ஏற்றத்தாழ்வா, ஏழ்மையா? இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். அடித்தட்டில் இருப்பவருக்கு வருமானம் கொஞ்சம் கூடினால் ஆயுள் சட்டென்று ஏறும். உச்சியில் இருப்பவருக்கு எவ்வளவு கூடினாலும் லேசில் அசையாது. நாடுகளுக்கு இடையே இப்படியொரு வளைவு இருப்பதை 1975-லேயே மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரெஸ்டன் காட்டிவிட்டார். அடித்தட்டில் குறையும் ஆயுளை உச்சியில் கூடுவது ஈடுகட்டாது. அதனால் சராசரி வருமானம் ஒன்றாக இருந்தாலும், இடைவெளி அதிகமுள்ள ஊரில் சராசரி ஆயுள் குறைவாகத் தெரியும். அது வளைவின் வேலை. நுண்துகளுக்கு யார் சம்பளம் எவ்வளவு என்று தெரியாது.

தும்பை:
நுண்துகளுக்குத் தெரியாது, சரி. ஆலையை எங்கே கட்டலாம் என்று முடிவு செய்பவருக்குத் தெரியுமே! நிலம் மலிவான பக்கம் ஆலை வரும். வந்ததும் நிலம் இன்னும் மலியும். வேறெங்கும் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் அங்கே வந்து சேர்வார்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்திருக்கிறார்கள். வெள்ளை வடிகட்டி மூன்றே மாதத்தில் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தட்டுவது துப்புரவு அக்கா, மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளிக்கு அந்தப் பெட்டியின் காற்றே எட்டாது. காசுள்ளவர் தனக்கு மட்டும் நல்ல காற்றை வாங்கிக்கொள்ள முடிந்தால், ஊர்க்காற்றுக்காக யார் மல்லுக்கு நிற்பார்?

சும்மா_ஒருவன்:
இருவரும் வெளிப்புகையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். விறகும் வறட்டியும் எரியும் வீட்டுக்குள் என்ன கதி? வீட்டுப்புகையால் மட்டும் 2020-ல் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அது ஏழ்மைதானே?

கணக்குப்புலி:
நன்றி, அதைத்தான் சொல்ல வந்தேன். இன்னொன்று: அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் உருக்காலை 1986 ஆகஸ்டில் மூடி, 13 மாதம் பூட்டிக் கிடந்தது. ஆர்டன் போப் என்ற ஆய்வாளர் அங்குள்ள மருத்துவமனைப் பதிவுகளை அலசினார். மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா போன்ற கோளாறுகளோடு வந்து சேர்ந்த குழந்தைகள், ஆலை ஓடிய குளிர்காலங்களில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆலை நின்றபோது அங்கே யார் சம்பளமும் சமமாகிவிடவில்லை; சொல்லப்போனால் பலருக்கு வேலையே போனது. ஆனாலும் பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். முதலில் புகையை நிறுத்துங்கள். சமத்துவம் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் ஒரு தலைமுறை நுரையீரல் போய்விடும்.

தும்பை:
காத்திருக்கச் சொன்னது யார்? ஆனால் அந்த ஆலை ஏன் மூடியது என்று பார்த்தீர்களா? தொழிலாளர் தகராறு. பிள்ளைகளின் இருமலைக் கேட்டு யாரும் பூட்டவில்லை. வேறு கைக்கு மாறி 1987 செப்டம்பரில் திறந்தபோதும் அவர்களை யாரும் கேட்கவில்லை. குழந்தைகள் மறுபடி மருத்துவமனைக்குப் போனார்கள்.

கணக்குப்புலி:
மூடிய காரணத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இப்போது பேசுவது யார் சொல் எடுபடுகிறது என்பதைப் பற்றி. சம்பள இடைவெளி குறைந்த ஊரிலும் சொல் எடுபடாதவர்கள் இருப்பார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.