வெண்டர் தந்த வார் ஃபைலுக்கு வெளி ஜார் சேர்த்தால் டோம்கேட்டில் நிற்க மாட்டேங்குது

தஞ்சோங்காரன் (ஜோர்ஜ்டவுன்)

வணக்கம். எங்கள் பில்லிங் சிஸ்டம் வெண்டர் கட்டிக் கொடுத்த வார் ஃபைல் (ஜாவா வெப் ஆப் முழுவதும் ஒரே கட்டாக). சோர்ஸ் கோட் கையில் இல்லை. உபுண்டு, டோம்கேட் 9 (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்), ஜாவா 11.

இ-இன்வாய்ஸ் பிரிண்டில் எல்எச்டிஎன் (மலேசிய வருமான வரி வாரியம்) சரிபார்ப்பு லிங்க்கை கியூஆர் கோடாகப் போட வேண்டும். வெண்டர் அதற்கு ஒரு வழி விட்டிருக்கிறார்: அவர்களுடைய இன்டர்ஃபேஸுக்கு ஒரு கிளாஸ் எழுதி, அதன் பெயரை ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் கொடுத்தால் பிரிண்ட் நேரத்தில் அதைக் கூப்பிடும். கிளாஸ் எழுதி ஜார் (ஜாவா கிளாஸ்களின் கட்டு) ஆக்கியாச்சு. கூடவே கியூஆர் கோடு உண்டாக்கும் இசட்எக்ஸிங் லைப்ரரியின் கோர், ஜாவாஎஸ்இ என்ற இரண்டு ஜாரும் தேவை.

மூன்று ஜாரையும் விரிந்து கிடக்கும் ஆப் ஃபோல்டரின் வெப்-இன்ஃப், லிப்பில் போட்டால் ஓடுகிறது. வெண்டரின் புது வார் வந்ததும் மூன்றும் காணோம். சரியென்று டோம்கேட்டின் சொந்த லிப்பில் போட்டேன். இப்போது 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' எரர், அதுவும் வெண்டரின் இன்டர்ஃபேஸ் பெயரைச் சொல்லி. அந்த இன்டர்ஃபேஸ் வாருக்குள்ளேயே இருக்கிறதே, ஏன் தெரியவில்லை?

செந்தூல்வாசி

எளிய வழி, வாரையே திருத்துங்கள். ஒரு காலி ஃபோல்டரில் வெப்-இன்ஃப், அதற்குள் லிப் என்று அதே அமைப்பில் ஃபோல்டர் உண்டாக்கி, மூன்று ஜாரையும் வைத்து, ஜார் கமாண்டை 'யு எஃப்' ஆப்ஷனோடு ஓட்டினால் உள்ளே சேர்ந்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிசகக் கூடாது. சின்ன எழுத்தில் வெப்-இன்ஃப் என்று உண்டாக்கினால் டோம்கேட் அதைச் சீண்டாது.

கிளாஸ்லோடர் (பிரிக்பீல்ட்ஸ்)

செந்தூல்வாசி சொன்னது ஓடும். ஆனால் ஒவ்வொரு ரிலீஸுக்கும் திரும்பச் செய்ய வேண்டும். லீவில் இருக்கும் நாளில் வேறு யாராவது புது வாரை அப்படியே போட்டுவிடுவார்கள். போதாக்குறைக்கு, திருத்திய வாருக்கு சப்போர்ட் இல்லை என்று வெண்டர் கையை விரிக்கலாம்.

முதலில் அந்த எரர். டோம்கேட்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி கிளாஸ்லோடர், அதாவது கிளாஸ்களைத் தேடி எடுத்து ஏற்றும் பகுதி. அதற்கு மேலே எல்லோருக்கும் பொதுவான காமன் லோடர். டோம்கேட்டின் லிப் ஃபோல்டர் அதன் கையில். ஆப்பின் லோடர் மேலே போய்த் தேடும். காமன் லோடர் கீழே இறங்கி எந்த ஆப்பையும் எட்டிப் பார்க்காது. உங்கள் கிளாஸ் மேலே இருக்கிறது, அது கேட்கும் இன்டர்ஃபேஸ் கீழே இருக்கிறது. ஃபைல் டிஸ்க்கில் இருப்பதும் அந்த லோடருக்குத் தெரிவதும் வேறு வேறு. இன்டர்ஃபேஸ் ஜாரையும் மேலே காப்பி செய்யலாமே என்று கை துறுதுறுக்கும், செய்யாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு லோடரில் இரண்டு கிளாஸ் ஆகி, 'கிளாஸ் காஸ்ட்' எக்செப்ஷனில் போய் நிற்கும்.

ஜார்களை வாருக்கு வெளியே வைத்து, ஆப் லோடருக்கு மட்டும் காட்டுங்கள். டோம்கேட் 8 முதல் இதற்கு வசதி உண்டு. ஆப்ட் ஃபோல்டரில் பில்லிங்-எக்ஸ்ட்ரா என்று ஒன்று உண்டாக்கி மூன்றையும் போடுங்கள். டோம்கேட் யூசருக்குப் படிக்கும் அனுமதி வேண்டும். பிறகு கான்ஃப், கேடலினா, லோக்கல்ஹோஸ்ட் என்று உள்ளே போய், வார் பெயரிலேயே ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல். கான்டெக்ஸ்ட் டேக்குக்குள் ரிசோர்சஸ், அதற்குள் போஸ்ட்ரிசோர்சஸ். அதில் மூன்று அட்ரிபியூட்: கிளாஸ்நேமுக்கு டோம்கேட்டின் டைரிசோர்ஸ்செட் கிளாஸ், பேக்கேஜோடு முழுப்பெயராக; பேஸுக்கு உங்கள் ஃபோல்டரின் முழுப் பாதை; வெப்ஆப்மவுன்ட்டுக்கு ஸ்லாஷில் தொடங்கும் வெப்-இன்ஃப் லிப். வார் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் இருந்தால் டாக்பேஸ் (வார் இருக்கும் இடம்) எழுத வேண்டாம். பேஸ் ஃபோல்டர் இல்லாவிட்டால் ஆப் ஸ்டார்ட் ஆகாது, பெயரைச் சரிபாருங்கள்.

ஜாவாஎஸ்இ ஜார் இரண்டு ஜார்களைக் கூட இழுக்கும்: ஜேகமாண்டர், ஜேஏஐ இமேஜ்ஐஓ. கமாண்ட்லைன் டூலுக்குத்தான் ஜேகமாண்டர். பிஎன்ஜி எழுத ஜாவாவின் சொந்த இமேஜ்ஐஓ போதும், இரண்டையும் விட்டுவிடலாம்.

தஞ்சோங்காரன்

நன்றி அண்ணே. கியூஆர் கிளாஸ் லோட் ஆகிறது. ஆனால் இப்போது லாகின் பேஜிலேயே டேட்டாபேஸ் எரர்: ஜேடிபிசி (ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பு) பெயர் இந்த கான்டெக்ஸ்டில் 'நாட் பவுண்ட்' என்கிறது. டேட்டாபேஸில் நான் கையே வைக்கவில்லை.

கிளாஸ்லோடர்

கை வைத்தது அந்த எக்ஸ்எம்எல். வாருக்குள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் வெண்டரின் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் ஒன்று இருக்கும். வெளியே அதே ஆப்புக்கு ஒன்று இருந்தால் டோம்கேட் உள்ளே உள்ளதைப் படிக்காது. இரண்டையும் சேர்க்கவும் செய்யாது. வெண்டரின் ஃபைலைப் பிரித்து, டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு விவரம்) உள்ள ரிசோர்ஸ் டேக் முதலான எல்லாவற்றையும் உங்கள் ஃபைலுக்குக் கொண்டு வாருங்கள். புது ரிலீஸ் வரும்போதெல்லாம் இந்த ஒரு ஃபைலை மட்டும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

டேட்டாசோர்ஸ் பேச்சு வந்ததால்: டேட்டாபேஸ் டிரைவர் ஜார் மட்டும் டோம்கேட்டின் லிப்பில்தான் இருக்க வேண்டும். கனெக்ஷன் பூலை (தயாராக வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) உண்டாக்குவது டோம்கேட். அதற்கு ஆப்புக்குள் இருக்கும் டிரைவர் தெரியாது. மேலே சொன்ன அதே கணக்கு.

பாலம்_தாண்டி (பட்டர்வொர்த்)

ஒன்று விட்டுப்போச்சு. வெண்டரின் வாரில் ஏற்கெனவே பழைய இசட்எக்ஸிங் கோர் இருக்கிறதா என்று ஜார் கமாண்டில் 'டி எஃப்' போட்டுப் பாருங்கள். இருந்தால் லிப்பில் இரண்டு வெர்ஷன், எது முதலில் எடுபடும் என்று நம்ப முடியாது. டெஸ்ட் சர்வரில் ஓடிவிட்டு புரொடக்‌ஷனில் 'நோ சச் மெத்தட்' எரர் அடிப்பது இப்படித்தான். பழையதே உங்கள் கிளாஸுக்குப் போதுமென்றால் புதுசைப் போடாதீர்கள், ஜாவாஎஸ்இ ஜாரையும் அதே வெர்ஷனில் எடுங்கள். புதுசுதான் வேண்டுமென்றால் போஸ்ட்டுக்குப் பதில் ப்ரீரிசோர்சஸ் போட்டு, புது ஜாருக்கு வெண்டர் வைத்த ஃபைல் பெயரையே எழுத்துக்கு எழுத்து வையுங்கள், பழையது மறைந்துவிடும். வெண்டர் அடுத்த ரிலீஸில் பெயரை மாற்றினால் இது புட்டுக்கும், ஆகவே பழையதையே பயன்படுத்தும் முதல் வழிதான் எனக்குப் பிடிக்கும்.

எந்த ஜாரிலிருந்து லோட் ஆனது என்று பார்க்க ஜாவா ஆப்ஷனில் 'வெர்போஸ் கிளாஸ்' கொடுத்து லாக்கில் இசட்எக்ஸிங் என்று தேடுங்கள். லாக் கொழுத்துவிடும், பார்த்ததும் எடுத்துவிடுங்கள்.

தஞ்சோங்காரன்

டேக்குகளை நகர்த்தினதும் லாகின் சரியாச்சு. வாரில் பழைய கோர் இருந்தது, அதே வெர்ஷன் ஜாவாஎஸ்இ எடுத்தேன், ஓடுது. சக ஊழியர் என் கிளாஸைத் தன் லேப்டாப்பில் ஜாவா 17-இல் பில்ட் செய்து கொடுத்தால் ஒத்துப்போகுமா?

பாலம்_தாண்டி

அப்படியே செய்தால் ஒத்துப்போகாது. கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61 ஆகிவிடும், ஜாவா 11 படிப்பது 55 வரைதான்; 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' எரர் வரும். கம்பைலருக்கு 'ரிலீஸ் 11' ஆப்ஷன் கொடுக்கச் சொல்லுங்கள், 17-இலேயே பில்ட் செய்யலாம். புது ஜாரை வைக்கும்போது டோம்கேட்டை நிறுத்திவிட்டு வையுங்கள்.